சம்பளத்தில் பிடித்த ஓய்வுக்காலப் பணம் கணக்குக்கு வரவில்லை: வாஷிங்டனுக்கு மனு போடலாமா?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 36. கொங்கு நாட்டுச் சிற்றூரில் பிறந்தவர். முதலாளி மூலம் கிடைக்கும் எச்-1பி வேலை விசாவில், 42 பேர் வேலை செய்யும் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறார். முதலாளி தமிழர், இவர் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறார். புதிதாக வந்து இறங்கிய மாதத்தில் வீடு பார்த்துக் கொடுத்தவர்களும், பொங்கலுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர்களும் அந்தக் குடும்பம்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் சம்பளத்தில் 401(கே) ஓய்வுக்காலத் திட்டத்துக்காக 450 டாலர் பிடிக்கிறார்கள். தற்செயலாகத் திட்டக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 11 மாதமாக அதில் ஒரு டாலர்கூடச் சேரவில்லை. 23 சம்பளம், மொத்தம் 10,350 டாலர்.

கேட்டதற்கு அண்ணா, “ஒரு பெரிய கிளையன்ட் பணம் தரவில்லை, சமாளித்துக்கொண்டிருக்கிறேன்” என்றாராம். கணக்காளரோ, “கம்பெனி வருமான வரி தாக்கல் செய்யும் வரை கட்ட அவகாசம் உண்டு” என்றாராம். போன வாரம் ஒரு தாளைக் கொடுத்து, வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். அந்த 10,350 டாலரை ஊழியர் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்ததாகவும், இரண்டு ஆண்டில் திருப்பித் தருவதாகவும் அதில் இருக்கிறது.

வாசகியின் கேள்விகள் இவை: “ஊரில் என்றால் அப்பா கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுப்பார். இங்கே தொழிலாளர் துறையில் இதற்கென்று ஒரு உதவிச் செயலாளர் இருக்கிறாராம். அவருக்கு நேரே எழுதட்டுமா? அவர் முன்பு கம்பெனிகள் பக்கம் வேலை பார்த்தவர், பயனில்லை என்கிறார்கள் நண்பர்கள். புகார் செய்தால் விசா போய்விடுமா? பி.எஃப். மாதிரி அரசாங்கம் அந்தப் பணத்தைத் தந்துவிடுமா? அண்ணா மேல் புகார் கொடுப்பது துரோகம் இல்லையா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் நிதானத்துக்கு இடமில்லை.

காரணம் சொல்கிறேன். உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பணம், நிறுவனத்தின் மற்ற பணத்திலிருந்து பிரித்தெடுக்க முடிகிற முதல் நாளிலிருந்தே திட்டத்தின் சொத்து. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அது கிடந்தாலும் நிறுவனத்தின் பணமாக ஆகிவிடாது. திட்டத்தின் சொத்தை முதலாளி கடனாக எடுத்துக்கொள்வதை 1974-இல் வந்த ஊழியர் ஓய்வுக்கால வருமானப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை எல்லோரும் சுருக்கமாக ‘எரிசா’ என்பார்கள். அந்தத் தாள் அவர் செய்ததைச் சரியாக்காது. ஆனால் ‘ஊழியரே சம்மதித்துத்தான் கொடுத்தார்’ என்று பிறகு வாதாட ஒரு பிடி கொடுக்கும். உங்களைத் திட்டத்தின் சொத்துக்கு உரியவர் என்ற இடத்திலிருந்து, நிறுவனத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் என்ற இடத்துக்கு இறக்கப் பார்க்கிறார்கள். நிறுவனம் நாளை திவாலானால் இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

‘உதவி’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்

நம் ஊர்ப் பழக்கத்தில் உதவிச் செயலாளர் என்றால் தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்க்கும் ஓர் அதிகாரி என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. ஊழியர் நலத் திட்டப் பாதுகாப்புக்கான உதவிச் செயலாளரை அமெரிக்க அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். தொழிலாளர் துறைக்குள் ‘எப்சா’ எனப்படும் நிர்வாகத்துக்கு அவர்தான் தலைவர். தனியார் நிறுவனங்களின் ஓய்வுக்காலத் திட்டங்களும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் அவர் பார்வையில் வருகின்றன. 15 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சேமிப்பும் மருத்துவச் செலவும் இவற்றில் அடக்கம். அதைப் பார்த்துக்கொள்ள அவரிடம் இருப்பதோ ஆயிரத்துக்கும் குறைவான ஊழியர்கள்.

இப்படி ஒரு பதவி வந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1963 டிசம்பரில் இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வு வயதை எட்டியிருந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. அதற்குக் கீழே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்த ஏறக்குறைய நாலாயிரம் பேருக்குச் சேர வேண்டியதில் சுமார் 15 விழுக்காடுதான் கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் பத்தாண்டுகளுக்கு மேல் விவாதம் நடந்து, 1974 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தில், அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு எரிசாவில் கையெழுத்திட்டார். உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும் அந்த 450 டாலருக்குக் காவல் இருப்பது அந்தச் சட்டம்தான்.

ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் கலெக்டர் மாதிரி மனு வாங்கி, பேனாவால் ஓரத்தில் குறிப்பெழுதி, தாசில்தாரிடம் அனுப்புகிறவர் அல்லர். விதிகளை எழுதுவது, சட்டத்துக்கு விளக்கம் தருவது, எந்த வகை மீறல்களைத் துரத்த வேண்டும் என்று முன்னுரிமை வகுப்பது ஆகியவைதான் அவருடைய வேலை. புலனாய்வை வட்டார அலுவலகங்கள் நடத்துகின்றன. வழக்குப் போடுவது தொழிலாளர் துறையின் சட்ட அலுவலகம். குற்ற வழக்கு என்றால் நீதித் துறை. வரிப் பக்கத்தை வருமான வரி நிர்வாகம் பார்க்கிறது. நீங்கள் அவருக்கு உருக்கமாக எட்டுப் பக்கம் எழுதினாலும், அது கடைசியில் உங்கள் வட்டாரத்துக்கான டாலஸ் அலுவலகத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே நீங்களே நேரடியாகப் போகலாம் என்றிருக்கும்போது சுற்றிப் போவானேன்?

நண்பர்கள் சொன்னதற்கும் வருகிறேன். இப்போதைய உதவிச் செயலாளர் டேனியல் அரோனோவிட்ஸ், 2025 செப்டம்பரில் செனட் ஒப்புதல் பெற்றவர். திட்டங்களை நிர்வகிப்பவர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு தரும் தொழிலில் இருந்தவர் என்பது உண்மை. நிறுவனங்கள் மேல் அளவுக்கு மீறி வழக்குகள் பாய்கின்றன, விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன என்று வெளிப்படையாகவே பேசியவர். அவருக்கு முன் இருந்த லிசா கோமெஸ், தொழிற்சங்கங்கள் சார்ந்த நலத் திட்டங்களுக்கு நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தவர். ஆள் மாறும்போது முன்னுரிமைகளும் மாறத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைகள் பெரும்பாலும் முதலீட்டுக் கட்டணம், எந்த ஃபண்டைத் தேர்வு செய்யலாம், ஆலோசகருக்கு எவ்வளவு பொறுப்பு என்பவை பற்றியவை. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி கையாடுவது அந்தச் சண்டைக்குள் வரவே வராது. அது இரு கட்சி ஆட்சியிலும் தவறுதான். இதற்கென்றே எப்சாவில் தனிக் குற்றப் புலனாய்வுத் திட்டம் பல ஆண்டுகளாக உண்டு. மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து நீங்கள் தயங்க வேண்டிய விவகாரமே இல்லை இது.

அரசாங்கம் பணத்தைத் தந்துவிடுமா?

தராது. ஊரில் பி.எஃப். என்றால் பணம் பெரும்பாலும் அரசு அமைப்பின் கையில் இருக்கும், வட்டியையும் அதுவே அறிவிக்கும். 401(கே) அப்படியல்ல. எப்சா உங்கள் பணத்தில் ஒரு காசும் வைத்திருக்கவில்லை. அது காவலர், கஜானா அல்ல. ஓய்வூதியக் காப்புறுதிக் கழகம் என்று ஒன்று இங்கே உண்டு, ஆனால் அது மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை தருவதாக வாக்களிக்கும் பழைய மாதிரி ஓய்வூதியங்களுக்கு மட்டும்தான். 401(கே)-க்கு அந்தக் குடை கிடையாது.

அதனால் பணம் வர வேண்டியது நிறுவனத்திடமிருந்து, அல்லது முதலாளியின் சொந்தப் பையிலிருந்து. ஆம், சொந்தப் பையிலிருந்தும்தான். திட்டத்தின் பணத்தைக் கையாளும் முடிவை எடுத்தவர் என்ற முறையில் அவர் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாகிறார், கம்பெனியைக் காட்டி ஒதுங்க முடியாது. பிடித்த 10,350 டாலரோடு, அது உரிய நேரத்தில் முதலீடாகியிருந்தால் வளர்ந்திருக்கக்கூடிய தொகையையும் சேர்த்துத் தர வேண்டும். இதுபோக, திட்டப் பணத்தைக் கையாளுபவர்கள் மோசடி இழப்புக்கு எதிரான ஒரு பிணைப் பத்திரம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது, பொதுவாகத் திட்ட நிதியில் 10 விழுக்காட்டுக்கு. நிறுவனம் கைவிரித்தால் அந்தப் பத்திரம் ஒரு கதவு.

நிறுவனம் தன் பங்காகத் தருவதாகச் சொன்ன தொகையும் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் சம்பளத்தில் பிடித்தது பிடித்த அன்றே உங்களுடையது. நிறுவனத்தின் பங்கு, திட்ட ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. கணக்காளர் சொன்ன ‘வரி தாக்கல் செய்யும் வரை அவகாசம்’ அந்தப் பங்குக்குத்தான் பொருந்தும். அதை உங்கள் பணத்துக்கும் நீட்டிச் சொல்லியிருக்கிறார்.

எவ்வளவு நாள் அவகாசம்?

இதில் இன்னொரு தவறான நம்பிக்கையும் ஊரெல்லாம் உலவுகிறது. ‘அடுத்த மாதம் 15-ஆவது வேலை நாள் வரை வைத்திருக்கலாம்’ என்று சிறு நிறுவனங்களின் கணக்காளர்கள் பலர் சொல்வார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நியாயமாக எவ்வளவு சீக்கிரம் பிரித்தெடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கட்ட வேண்டும், எப்படிப் போனாலும் அந்த 15-ஆவது வேலை நாளைத் தாண்டக் கூடாது என்பதே விதி. நூறு பேருக்குக் குறைவானவர்கள் சேர்ந்திருக்கும் திட்டங்களில் 7 வேலை நாளுக்குள் கட்டினால் கேள்வி வராது. உங்கள் நிறுவனம் 42 பேர். ஆக, பேச்சு 7 நாளைப் பற்றியது. கடந்திருப்பது 11 மாதம்.

கெட்ட எண்ணம் இல்லாமல் சிக்கிக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கிளையன்ட் பணம் தள்ளிப்போகும், சம்பளம் போட்டாக வேண்டும், கையில் இருப்பது இந்தப் பணம்தான். ஒரு மாதம் என்று தொடங்குவார்கள். அப்படிப்பட்டவர்கள் தாமாக முன்வந்து சரி செய்துகொள்ள எப்சாவே ஒரு தன்னார்வத் திருத்தத் திட்டம் வைத்திருக்கிறது. இழந்த வளர்ச்சியைக் கணக்கிட்டுச் சேர்த்துக் கட்டி, விண்ணப்பித்தால், துறையின் நடவடிக்கையிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் விசாரணை தொடங்கிய பிறகு அந்த வாசல் மூடிவிடும். இதை உங்கள் அண்ணா தெரிந்துகொள்வது அவருக்கே நல்லது. தெரிந்தே எடுத்துச் செலவழித்தால் அது கூட்டாட்சிக் குற்றச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

விசா பயம்

உங்கள் கடிதத்தில் இந்தப் பகுதியைத்தான் இரண்டு தடவை படித்தேன். எரிசா குடியுரிமை பார்க்கும் சட்டம் அல்ல. திட்டத்தில் சேர்ந்தவர் எந்த நாட்டவரானாலும் உரிமை ஒன்றே. உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பதையும் தொல்லை கொடுப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. எச்-1பி விதிகளிலும் புகார் செய்பவரைப் பழிவாங்கக் கூடாது என்ற பாதுகாப்பு தனியாக உண்டு.

ஆனால் சட்டம் தடை செய்வது வேறு, நடக்காமல் இருப்பது வேறு. அவர் வேலையை விட்டு எடுத்தால், உங்களுக்கு 60 நாள் வரை, அல்லது உங்கள் ஐ-94 (இங்கே தங்க அனுமதித்த கெடுவைக் காட்டும் வருகைப் பதிவு) முடியும் நாள் வரை, இதில் எது முந்தையதோ அதுவரை, வேறு முதலாளியைத் தேட நேரம் இருக்கும். கிரீன் கார்டுக்காக முதலாளி போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புதல் கிடைத்து 180 நாள் கடந்துவிட்டால், முதலாளி அதைத் திரும்பப் பெற்றாலும் ஒப்புதல் தானாக ரத்தாகிவிடாது, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் வரிசைத் தேதியும் உங்களோடு வரும். அந்தத் தேதி அண்ணாவின் கையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். அது அவர் கையில் இல்லை. ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கட்டணம் கொடுத்து உங்கள் தாள்களைக் காட்டி இதை உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போதே வேறு வேலை பார்க்கத் தொடங்குவதிலும் தப்பில்லை. 11 மாதம் ஊழியர் பணத்தில் ஓடும் நிறுவனத்தில் சம்பளமே நின்றுபோகும் நாளும் வரலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் உங்கள் சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைத்திருக்காதீர்கள், வேலை போகும் நாளில் அது பத்து நிமிடத்தில் பூட்டப்படும். ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தில் 12-ஆம் கட்டத்தில் ‘டி’ என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். நீங்கள் 401(கே)-வுக்குக் கொடுத்ததாக நிறுவனமே அரசுக்குச் சொன்ன தொகை அது. திட்டக் கணக்கின் அறிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

அப்புறம், திட்ட நிர்வாகிக்கு எழுத்து மூலம், மின்னஞ்சலும் பதிவுத் தபாலுமாக, திட்ட ஆவணத்தையும் அதன் சுருக்க விளக்கத்தையும் கடைசி ஆண்டறிக்கையையும் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை தண்டம் விதிக்கலாம். படிவம் 5500 எனப்படும் அந்த ஆண்டறிக்கையைத் தொழிலாளர் துறையின் தளத்தில் நீங்களே தேடியும் பார்க்கலாம். ஊழியர் பணத்தைத் தாமதமாகக் கட்டினீர்களா என்று அதில் ஒரு கேள்வியே இருக்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று பதில் எழுதியிருந்தால் அது இன்னொரு பொய்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் அல்லவா? காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, பாலிசி இன்று உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். பணமுடையில் இருக்கும் நிறுவனம் 401(கே)-யில் கை வைத்தால் பிரீமியத்தையும் நிறுத்தியிருக்க வாய்ப்புண்டு. என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்குக் குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் பாலிசி இரண்டு மாதம் முன்பே ரத்தானது தெரிந்தது. அதுவும் எப்சாவின் எல்லைக்குள் வருவதுதான்.

பிறகு 1-866-444-3272 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எப்சாவின் கட்டணமில்லா எண். எடுப்பவர் பயன் ஆலோசகர் என்ற பதவியில் இருக்கும் அரசு ஊழியர். நம் ஊர்க்காரர்கள் பலர் இந்தக் கட்டத்தை அலட்சியமாகத் தாண்டி ‘மேலிடம்’ தேடுவார்கள். ஆனால் 2023 நிதியாண்டில் எப்சா மீட்ட 140 கோடி டாலருக்கும் மேலான தொகையில் 44 கோடிக்கும் அதிகமானது, வழக்கு எதுவும் இல்லாமல், இந்த ஆலோசகர்கள் நிறுவனங்களோடு பேசியே மீட்டது. உங்கள் ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே, “என் பெயர் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாம்” என்றும் சொல்லிவிடுங்கள். ஆலோசகர் உங்களுக்காக மட்டும் பேச வேண்டுமானால் பெயரைச் சொல்லாமல் முடியாது. 42 பேரில் பலருக்கும் இதே நிலை என்றால், பெயர் சொல்லாமலேயே புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பக் கேட்கலாம். மற்றவர்களிடம் மெல்ல விசாரித்துப் பாருங்கள். உங்கள் ஒருத்திக்கு மட்டும் கட்டாமல் விட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நீங்களே வழக்குப் போடவும் உரிமை இருக்கிறது. மீறல் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு, எப்படியானாலும் மீறல் நடந்து 6 ஆண்டு, இதில் முந்தையதுதான் கெடு. உங்கள் 3 ஆண்டுக் கடிகாரம் கணக்கைத் திறந்து பார்த்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. 10,350 டாலருக்காக நீங்கள் தனியாக வழக்குப் போட்டால் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம், அதனால் முதலில் எப்சா என்பதுதான் என் கருத்து.

அண்ணா

அவர் உங்களுக்குச் செய்த உதவி உண்மை. அதை மறக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வீடு பார்த்துக் கொடுத்தது அவர் உங்களுக்குச் செய்தது, இந்தப் பணம் நீங்கள் உங்களுக்காகச் சேர்த்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. இதே அலுவலகத்தில் உங்களைவிடச் சின்னவர்கள், போன மாதம் வந்து இறங்கியவர்கள் இருப்பார்கள். அவர்களும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய சம்பளத்திலும் இன்றைக்குப் பணம் பிடிக்கப்படுகிறது.

அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், நேரில் பேசிவிட்டு வராமல் எழுதி அனுப்புங்கள். கோபமும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“அண்ணா, நீங்கள் கொடுத்த கடன் பத்திரத்தில் என்னால் கையெழுத்துப் போட இயலாது. என் சம்பளத்தில் பிடித்த 10,350 டாலர் திட்டத்தின் பணம் என்று தெரிந்துகொண்டேன். அதை இழந்த வளர்ச்சியோடு சேர்த்துத் திட்டக் கணக்கில் கட்டிவிட்டு, என்றைக்குக் கட்டினீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தாமாக முன்வந்து சரி செய்பவர்களுக்குத் தொழிலாளர் துறையில் ஒரு திருத்தத் திட்டம் இருக்கிறது. தயவுசெய்து இந்த வாரமே ஒரு எரிசா வழக்கறிஞரைப் பாருங்கள்.”

வியாழக்கிழமை பகலில் அந்த எண்ணைக் கூப்பிட்டு, புகார் பதிவான பிறகு இதை அனுப்புங்கள்.